16 கையில், டீலரிடம் 10: எடுப்பதா, நிற்பதா, பாதியோடு விடுவதா?

மாங்குளத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். வயல் காவலுக்குப் போகிற நாங்கள் சில பேர் இரவில் கொட்டிலில் இருந்து காட்ஸ் அடிப்பது வழக்கம். முன்பெல்லாம் 304 தான். அதற்கு நாலு பேர் வேண்டும், யானைச் சத்தம் கேட்டு ஒருவர் எழும்பிப் போனால் ஆட்டம் குழம்பிவிடும். அதனால் இப்போது பிளாக்ஜாக்: 21 ஐத் தாண்டாமல், கடதாசி போடுகிற டீலரை விடக் கூட எடுத்தால் வெற்றி, தாண்டினால் தோல்வி. ராசா, ராணி, ஜாக்கிக்கு 10, ஏஸுக்கு 1 அல்லது 11. டீலரின் இரண்டு கடதாசியில் ஒன்று மட்டும் திறந்திருக்கும். இரண்டு பேர் இருந்தாலும் நடக்கும். காசு கிடையாது, புளியங்கொட்டை வைத்துத்தான் விளையாடுகிறோம்.

பிரச்சினை 16 இல் வந்தது. என் கையில் 10உம் 6உம். டீலராக இருந்தவன் திறந்து வைத்தது ராசா. ஒருவன் எடு என்றான். இன்னொருவன் நில், அவன் தாண்டட்டும் என்றான். வவுனியாவில் படிக்கிற ஒருவன் மூன்றாவதாக ஒன்று சொன்னான்: முதல் இரண்டு கடதாசியைப் பார்த்ததும் கையைக் கீழே வைத்துவிட்டு, கட்டியதில் பாதியைத் திருப்பி எடுக்கலாமாம், அதற்கு சரண்டர் என்று பெயராம். விளையாடாமலே தோற்பதா என்று பெரிய சண்டை. கணக்குத் தெரிந்தவர்கள் தீர்த்து வையுங்கள்.

நெடுங்கேணியார்:

நிற்க வேண்டும் தம்பி. 16 இல் எடுத்தால் 6 வந்தாலே கை போச்சு. 13 வகைக் கடதாசியில் 8 வகை உங்களைக் கொல்லும். என் கையை நானே ஏன் அழிக்க வேண்டும்? டீலருக்கும் தாண்டுகிற நேரம் வரும்.

கணக்கு சேர், கிளிநொச்சி:

உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். நிகழ்தகவு தொடங்கும்போது இந்தக் கேள்வியை வகுப்பில் கொடுப்பதுண்டு, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நெடுங்கேணி ஐயா சொன்ன 13இல் 8 சரி. 6 முதல் 10 வரை ஐந்து, ஜாக்கி, ராணி, ராசா. நூறு தடவை எடுத்தால் 61, 62 தடவை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஆனால் நின்றால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தால்தான் கணக்கு முழுமை. 16 இல் நிற்கிறவருக்கு வெல்ல ஒரே வழி, டீலர் 21 ஐத் தாண்டுவது. டீலர் 17 வரும்வரை கட்டாயம் எடுக்க வேண்டும், 17 வந்தால் நிற்க வேண்டும். அந்த 17 கூட உங்கள் 16 ஐ வென்றுவிடும். 10 காட்டுகிற டீலர் தன் மறைத்த கடதாசி ஏஸ் இல்லை என்று பார்த்துவிட்ட பிறகு, நூற்றுக்கு 23 தடவைதான் தாண்டுகிறார். 37 தடவை 20 இல் போய் நிற்கிறார். மிச்சம் 17, 18, 19 மூன்றும் தலா 12 தடவை, 21 ஒரு நாலு தடவை.

இனிக் காசாக்கிப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 100 ரூபா, இதே கை நூறு சுற்று வருகிறது என்று வைப்போம்.

நின்றால் 23 வெற்றி, 77 தோல்வி. தசமத்தையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தம் 5,404 ரூபா போகும்.

எடுத்தால் ஏஸ், 2, 3, 4, 5 என்ற ஐந்தும் உங்களைத் தாண்டாமல் காப்பாற்றும். ஆனால் காப்பாற்றியதெல்லாம் வெற்றி ஆகாது. ஏஸ் வந்து 17 ஆனால் அது டீலரின் 10க்கு எதிரே நல்ல தோல்விக் கை. 18 உம் தோல்விப் பக்கம்தான். 19 அரைவாசிக்குச் சற்று மேலே. 20 உம் 21 உம் மட்டும்தான் உண்மையில் காசு கொண்டு வரும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் 5,398 ரூபா போகும்.

பாதியோடு விட்டால் சரியாக 5,000.

எடு என்றவனுக்கும் நில் என்றவனுக்கும் இடையே நூறு சுற்றுக்கு 6 ரூபாதான் வித்தியாசம். அவர்கள் சண்டை பிடிக்கவே தேவையில்லை. வவுனியாப் பொடியன் சொன்னது அந்த இருவரையும் விட 400 ரூபா மிச்சம் பிடிக்கிறது. 16 வந்து விட்டது, அது நட்டக் கை, இனி எந்த வழியில் நட்டம் குறைவு என்பது மட்டுமே கேள்வி. எனக்கு இந்தக் கேள்வியில் பிடித்ததே அதுதான். மூன்று வழியும் தோல்வி என்றிருக்கும்போது பிள்ளைகள் பேனாவை வைத்துவிட்டு "இதில் விடையே இல்லை சேர்" என்பார்கள். விடை இருக்கிறது, மூன்றில் சிறிய தோல்வி.

(ஒவ்வொரு கடதாசியும் 13இல் ஒன்று என்று வைத்துச் செய்த கணக்கு இது. ஆறு கட்டு, எட்டுக் கட்டு கலந்து விளையாடும் மேசையிலும் முடிவு இதேதான்.)

நெடுங்கேணியார்:

கணக்கு விளங்குகிறது சேர். மனம் ஒப்பவில்லை. கையில் இரண்டு கடதாசி வாங்கிவிட்டு, மூன்றாவதைப் பார்க்காமலே பாதியைக் கொடுப்பது என்ன ஆட்டம்? தோற்றாலும் விளையாடித் தோற்க வேண்டும்.

முரசுமோட்டை விவசாயி:

ஐயா, சிறுபோகத்துக்கு இரணைமடுவில் தண்ணீர் போதாது என்றால் கூட்டத்தில் என்ன முடிவெடுக்கிறோம்? ஏக்கரைக் குறைத்துத்தானே விதைக்கிறோம். இருக்கிற காணி முழுவதும் விதைத்துவிட்டு, குடலைப் பருவத்தில் வாடவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பதை யாரும் வீரம் என்று சொல்வதில்லை.

மாங்குளத்தான்:

சேர், நன்றி. இதை நேற்றிரவு கொட்டிலில் வாசித்துக் காட்டினேன். உடனே அடுத்த பிழை தொடங்கிவிட்டது. இப்போது எல்லாரும் 13, 14 வந்தாலும் பாதியைக் கேட்கிறார்கள். எங்கே கோடு போடுவது?

கணக்கு சேர், கிளிநொச்சி:

நல்ல கேள்வி. சரண்டர் பழகியவர்கள் செய்கிற பெரிய தவறு அதுதான், பயத்தில் கண்டதற்கெல்லாம் விடுவது.

கோடு இதுதான்: விட்டால் 100க்கு 50 உறுதியாகப் போகிறது. விளையாடினால் 50க்கு மேல் போகும் என்றால் மட்டும் விடலாம். சமன் வருவதை ஒதுக்கிவைத்துச் சொன்னால், வெல்லும் வாய்ப்பு நாலில் ஒன்றுக்குக் கீழே போக வேண்டும். அவ்வளவு மோசமான கைகள் மிகக் குறைவு.

டீலரிடம் 10 இருக்கும்போது 15 ஐ எடுத்துப் பாருங்கள். விளையாடினால் (எடுத்தால்) நூறு சுற்றுக்கு 5,044 ரூபா நட்டம். விட்டால் 5,000. மயிரிழையில் விடுவதே மேல். 14 ஆனால் எடுத்தால் 4,660தான் நட்டம். அங்கே விடுகிறவர் ஒவ்வொரு நூறு சுற்றுக்கும் 340 ரூபாவைச் சும்மா கொடுக்கிறார். ஒரு புள்ளி குறைந்ததும் கை மாறிவிட்டது. 13, 12 க்கு வாயே திறக்கக் கூடாது, எடுக்க வேண்டும்.

டீலரிடம் 9 என்றால் 16 ஐ மட்டும் விடலாம், அதுவும் மெல்லிய வித்தியாசத்தில். 8 என்றால் 16 ஐக்கூட விடக் கூடாது. எடுக்க வேண்டும், நட்டம் 4,600 க்குள் நிற்கும். ஏஸ் என்றால் 16 ஐ விடலாம்.

ஆகவே, டீலர் எல்லா 17 இலும் (ஏஸும் 6 உம் சேர்ந்த 17 இலும்கூட) நிற்கிற மேசையில் விடுகிற கைகள் நாலே நாலு: 9, 10, ஏஸ் மூன்றுக்கும் எதிரே 16, 10 க்கு எதிரே 15. இதில் 8உம் 8உம் சேர்ந்த 16 சேராது. அதை வேறாக எழுதுகிறேன்.

டீலரிடம் 7 இருக்கும்போதுதான் கூடப் பேர் காசை இழக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 7 சின்ன இலக்கம் என்று நினைத்து 16 இல் நின்றுவிடுவார்கள். 7 காட்டுகிற டீலர் நூற்றுக்கு 26 தடவைதான் தாண்டுகிறார். நின்றால் நட்டம் 4,754, எடுத்தால் 4,148. 10 க்கு எதிரே நிற்பதா எடுப்பதா என்று தலையை உடைத்தது 6 ரூபாவுக்கு. இங்கே 600 ரூபா.

6 க்கு வந்ததும் எல்லாம் தலைகீழ். டீலரிடம் 5 அல்லது 6 இருந்தால் அவர் நூற்றுக்கு 42 தடவை தாண்டுகிறார். 4 க்கு 39, 3 க்கு 37, 2 க்கு 35. ஆகவே 2 முதல் 6 வரை எது காட்டினாலும் 13 முதல் 16 வரை நிற்க வேண்டும். நெடுங்கேணி ஐயாவின் "அவர் தாண்டட்டும்" என்ற வாதம் இங்கே நூற்றுக்கு நூறு சரி. 12 மட்டும் தனி. 4, 5, 6 க்கு நிற்க வேண்டும், 2 உம் 3 உம் வந்தால் எடுக்க வேண்டும். 12 ஐ அழிப்பது பத்து மதிப்புள்ள நாலு வகை மட்டும்தானே.

மேசைப்பக்கம், வவுனியா:

கொழும்பில் கசினோ ஒன்றில் டீலராக வேலை செய்தவன். சேர் எழுதியது அத்தனையும் சரி. மேசையில் நின்று பார்த்ததைச் சேர்க்கிறேன்.

16 வந்தவரின் கையைப் பார்த்தாலே தெரியும். எடுக்க வேண்டும் என்றால் மேசையில் விரலால் தட்ட வேண்டும், நிற்க என்றால் உள்ளங்கையைக் கடதாசிக்கு மேலே விசுக்க வேண்டும். மேலே இருக்கிற கமராவுக்குத் தெரிய வேண்டும் என்பதால் வாயால் சொன்னால் மட்டும் போதாது. 16 காரரின் விரல் தட்டப் போய் நடுவில் நின்றுவிடும். பிறகு உள்ளங்கை வரும், அதுவும் பாதியில் நிற்கும். கடைசியில் பெரும்பாலானோர் நின்றுவிடுவார்கள். ஏனென்றால் எடுத்துத் தாண்டினால் தானே செய்த பிழை போல இருக்கும், நின்று தோற்றால் டீலர் அடித்தது போல இருக்கும். காசு இரண்டிலும் ஒரே அளவு போகிறது. சரண்டருக்குக் கட்டிய சிப்ஸுக்குப் பின்னால் மேசையில் விரலால் ஒரு கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோட்டை இழுத்தவர்கள் மிகச் சிலர்.

இன்னொரு விடயம், மேசையின் கடைசியில் இருக்கிறவர் மேலே மற்றவர்கள் பாய்வது. "நீ எடுத்த கடதாசி டீலரைத் தாண்ட வைத்திருக்கும், எல்லாரையும் கெடுத்தாய்" என்பார்கள். கவிழ்த்து வைத்திருக்கிற கடதாசியில் அடுத்தது எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் எடுத்ததால் டீலருக்குக் கெட்ட கடதாசி போன நாட்களும் அதே அளவு. அதை யாரும் நினைவில் வைப்பதில்லை.

சரண்டர் இரண்டு வகை. டீலர் தன் மறைத்த கடதாசியைப் பார்த்து பிளாக்ஜாக் (முதல் இரண்டு கடதாசியிலேயே ஏஸும் பத்தும் சேர்ந்த 21) இல்லை என்று உறுதி செய்த பிறகு தருவது ஒன்று, சேர் கணக்குப் போட்டது அதைத்தான். பார்ப்பதற்கு முன்பே விடலாம் என்பது மற்றது, அது விளையாடுகிறவருக்கு மிகப் பெரிய சலுகை. அமெரிக்காவில் அத்திலாந்திக் சிற்றியில் 1978 இல் கசினோ திறந்தபோது அப்படித்தான் விதி இருந்தது. விடயம் தெரிந்தவர்கள் குவிந்துவிட்டார்கள், 1981 இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். சில மேசைகளில் டீலர் இரண்டாவது கடதாசியை எல்லாரும் விளையாடி முடிந்த பிறகுதான் எடுப்பார். அங்கே 11 ஐ 10 க்கு எதிரே டபிள் செய்தால் (கட்டியதை இரட்டித்து ஒரே ஒரு கடதாசி எடுத்தால்), பிறகு ஏஸ் விழுந்து முழுவதும் போகலாம். உட்காருமுன் கேளுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சரண்டரால் வருகிற மொத்த மிச்சம், கட்டுகிற ஒவ்வொரு 10,000 ரூபாவுக்கும் ஏறத்தாழ 8 ரூபா. அந்தக் கைகள் அவ்வளவு அரிதாகத்தான் வரும். ஆனால் பிளாக்ஜாக் வந்தால் 2 க்கு 3 கொடுக்கிற மேசையை விட்டு 5 க்கு 6 கொடுக்கிற மேசையில் உட்கார்ந்தால் அதே 10,000 க்கு 136 ரூபா கூடப் போகிறது. சரண்டர் தருகிறோம் என்று பலகையில் பெரிதாகப் போட்டு, கீழே சின்னதாக 5 க்கு 6 என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இன்சூரன்சும் அப்படித்தான். டீலரிடம் ஏஸ் தெரிகிறது, கீழே பத்து இருக்கிறதா என்று பந்தயம். இருந்தால் 2 மடங்கு தருவார்கள். அது நட்டமில்லாமல் போக மூன்றில் ஒரு தடவை பத்து இருக்க வேண்டும். 13இல் 4தான் பத்து, மூன்றில் ஒன்றுக்குக் குறைவு. கையில் 20 இருந்தாலும் எடுக்காதீர்கள்.

புதுக்குடியிருப்பு அக்கா:

எல்லாம் வாசித்தேன். நேரடியாகக் கேட்கிறேன். எங்கள் பக்கத்தில் பொடியள் போனில் இந்த ஆட்டத்தைக் காசுக்கு விளையாடுகிறார்கள். போனிலேயே கடனும் எடுக்கிறார்கள். நுண்கடனால் பெண்கள் பட்ட பாடு இன்னும் முடியாத ஊர் இது. இந்த அட்டவணையைப் பாடமாக்கினால் வெல்லலாம் என்று ஒருவன் என்னிடம் சொன்னான். உண்மையா?

கணக்கு சேர், கிளிநொச்சி:

இல்லை அக்கா. நான் எழுதியதை வைத்து யாராவது அப்படிச் சொன்னால் இந்தப் பதிவைக் காட்டுங்கள்.

நல்ல விதி உள்ள மேசையில், ஒரு கையும் பிழைக்காமல் விளையாடினாலும், கட்டுகிற ஒவ்வொரு 10,000 க்கும் 50 ரூபா அளவில் கசினோக்காரன் பக்கம் போகும். அது சின்னத் தொகை போலத் தெரியும். போனில் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை சுற்று ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். 500 ரூபாவோடு தொடங்கியவர், அதையே சுழற்றிச் சுழற்றி 50,000 ரூபாவுக்குக் கட்டியிருப்பார். விகிதம் அந்த 50,000 க்குத்தான், 500 க்கு இல்லை. அதிலும் 5 க்கு 6 கொடுக்கிற ஆப் என்றால் இன்னும் மோசம்.

இந்தக் கணக்கை முதலில் முறையாகப் போட்டவர்கள் நாலு பேர்: ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மக்டெர்மட். அமெரிக்க இராணுவத்தில் அபர்டீனில் இருந்தபோது, மேசையில் வைக்கிற கணக்குப் பொறிகளை வைத்தே செய்து 1956 இல் வெளியிட்டார்கள். அவர்கள் தேடியது மிகக் குறைந்த நட்டத்தில் விளையாடுகிற வழியை. வெல்கிற வழி 1962 இல் எட்வர்ட் தோர்ப் எழுதிய பிறகு பரவியது, அது போன கடதாசிகளை நினைவில் வைத்து எண்ணுவது. கட்டில் பெரிய கடதாசி மிஞ்சியிருக்கும்போது கூடக் கட்டுவது. அதற்குக் கட்டு தொடர்ந்து அதே கட்டாக இருக்க வேண்டும். ஆப்களில் வழக்கமாக ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகக் கலைத்துவிடும். எண்ணுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அந்தத் தம்பியை வகுப்புக்கு அனுப்புங்கள், ஒரு கட்டு காட்ஸும் ஒரு சீஆர் கொப்பியும் கொடுத்து அவனையே எழுத வைக்கிறேன். கடன் எடுத்திருந்தால் அதை வீட்டில் சொல்ல வைப்பதுதான் முதல் வேலை.

மேசைப்பக்கம், வவுனியா:

அக்கா, நான் அந்தப் பக்கத்தில் நின்றவன். சேர் சொன்னதற்கு ஒரு சொல்லும் குறைக்க மாட்டேன். கடன் காசோடு வந்தவர் 16 இல் ஒருபோதும் பாதியை எடுத்ததை நான் காணவில்லை. அவருக்கு முழுவதும் வேண்டும்.

மாங்குளத்தான்:

அக்கா, எங்களுடையது புளியங்கொட்டைதான், அப்படியேதான் இருக்கும்.

சேர், இன்னும் இரண்டு. எங்கள் கொட்டிலில் டீலர் விரும்பினால் 16 இலும் நிற்பார். சமன் வந்தாலும் அவருக்கே வெற்றி. இது சரியா? பிறகு, 4, 5, 7 என்று மூன்று கடதாசியில் 16 வந்தால் என்ன செய்வது?

கணக்கு சேர், கிளிநொச்சி:

முதலாவதை உடனே நிறுத்துங்கள். டீலருக்கு விருப்பம் கொடுத்தால் நான் எழுதிய எந்த எண்ணும் செல்லாது. உங்கள் 14 ஐப் பார்த்துவிட்டு அவர் 15 இல் நின்றுவிடுவார். 17 வரை கட்டாயம், 17 இல் நிறுத்தம், இதுதான் ஆட்டத்தின் முதுகெலும்பு. சமன் என்றால் கொட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நூறு சுற்றில் எட்டு ஒன்பது சமனாகும், அத்தனையையும் டீலருக்குக் கொடுத்தால் வேறு எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை.

மூன்று கடதாசியில் 16 வந்தால் சரண்டர் போய்விட்டது, அது முதல் இரண்டு கடதாசிக்கு மட்டும். எடுப்பதா நிற்பதா என்ற அந்த 6 ரூபாச் சண்டை இங்கே வேறு பக்கம் சாயும். உங்களைக் காப்பாற்றக்கூடிய 4 உம் 5 உம் ஏற்கெனவே உங்கள் கையிலேயே இருக்கின்றன. நீங்கள் விளையாடுவது ஒரே கட்டில், அதில் அவை குறைந்துவிட்டன. ஆகவே டீலரிடம் 10 என்றால் 4, 5, 7 இல் நில்லுங்கள். 10 உம் 6 உம் சேர்ந்த 16 என்றால், சரண்டர் இல்லாத ஆட்டத்தில், எடுங்கள்.

நெடுங்கேணியார்:

இதைத்தான் நான் தொடக்கத்திலிருந்து உணர்ந்தேன், காரணம் சொல்லத் தெரியவில்லை. சரி சேர், ஒன்று மட்டும் பாக்கி. 8 உம் 8 உம் தனியாக எழுதுகிறேன் என்றீர்கள். அதுவும் 16 தானே? டீலரிடம் 10 என்றால் விடுவதா?

கணக்கு சேர், கிளிநொச்சி:

விடக் கூடாது ஐயா, பிரிக்க வேண்டும். இன்னொரு பங்கு கட்டி, இரண்டு 8 ஐயும் இரண்டு கையாக ஆடுங்கள். 8 இல் தொடங்குகிற கை 16 ஐ விட எவ்வளவோ நல்லது, பத்து விழுந்தால் 18. இரண்டு கையும் சேர்த்து வருகிற நட்டம், தொடக்கத்தில் கட்டிய 100 க்கு 48 அளவில் நிற்கும், 50 ஐ விடக் குறைவு. டீலரிடம் ஏஸ் இருந்தாலும் பிரிக்கலாம். ஏஸும் 6 உம் சேர்ந்த 17 இல் டீலர் இன்னொன்று எடுக்கிற மேசை என்றால் மட்டும், ஏஸுக்கு எதிரே 8, 8 ஐ விட்டுவிடுங்கள். அந்த மேசையில் ஏஸுக்கு எதிரே 15 ஐயும் 17 ஐயும் விடலாம்.